எறும்பின் இடை

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணற்பரப்பில், களுவாஞ்சிகுடிக்கு வடக்கே அமைந்திருக்கும் தேற்றாத்தீவு, கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றா மரத்தைத் தன் பெயரிலேயே கொண்டுள்ள ஊராகும். தென்னையும் மாவும் மரமுந்திரிகையும் நிழல் விரிக்கும் வளவுகள், மிளகாயும் கத்தரியும் நிற்கும் மணற்பாத்திகள், கடற்கரைப் புதர்கள், வாவியோரச் சேற்றுநிலம் என நடைதூரத்துக்குள் நிலத்தின் தன்மை பலமுறை மாறிவிடும் இத்தகைய ஊர்களில், பல வகை எறும்புகள் அருகருகே புற்றமைத்து வாழ்கின்றன. ஆயினும் ஊர்வழக்கில் அவற்றுக்கு முசுறு, கட்டெறும்பு, செவ்வெறும்பு, சிற்றெறும்பு, கடிக்காததால் பிள்ளையார் எறும்பு என்று நாலைந்து பெயர்களே புழங்குகின்றன. நிறம், பருமன், கடித்தால் உண்டாகும் வலி ஆகிய மூன்றையும் கொண்டு இடப்பட்ட இப்பெயர்கள் அன்றாட வாழ்வுக்குப் போதுமானவை. ஆனால் பூச்சியியலாளர் எறும்பொன்றை வகைப்படுத்தத் தொடங்கும்போது முதலில் ஒதுக்கி வைப்பது நிறத்தையும் பருமனையும்தான் என்பதால், இரண்டு பார்வைகளும் தொடக்கத்திலேயே வழி பிரிகின்றன.

உயிரினங்களை வகைப்படுத்துவோர், ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த நெருங்கிய இனங்களை ஒரு தொகுதியாகச் சேர்த்து அதற்குப் பொதுப்பெயர் இடுவர். அத்தொகுதியை இலங்கையின் பாடநூல்கள் சாதி என்றும் தமிழகத்தின் நூல்கள் பேரினம் என்றும் வழங்குகின்றன. சாதி என்னும் சொல்லுக்கு வேறு சுமை இருப்பதால் பேரினம் என்பதே இங்கு எடுத்தாளப்படுகிறது. பல பேரினங்கள் சேர்ந்தது ஓர் உபகுடும்பம். எறும்புகள் அனைத்தும் சேர்ந்தது ஒரே குடும்பம். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட எறும்பினங்கள் பதினாலாயிரத்தைத் தாண்டிவிட்டன. இலங்கையில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன. அவற்றை ஒழுங்குபடுத்திப் பார்க்க விரும்புவோருக்கு, களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸ்ரீயானி டயஸ் எழுதி 2014இல் வெளியான இலங்கை எறும்புகள் பற்றிய நூல் இன்று முதன்மையான துணையாக இருக்கிறது. அதற்கு முன்னர் நூறாண்டுக்கு மேலாக, பிங்ஹாம் 1903இல் எழுதிய பிரித்தானிய இந்தியாவின் விலங்கினத் தொடர் நூலே இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் பொதுவான வழிகாட்டியாக இருந்தது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, 1851இல், தோமஸ் ஜேர்டன் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலொன்றைச் சென்னையில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் எழுதியிருந்தார். அதில் அவர் விவரித்த இனங்கள் சில இலங்கையிலும் வாழ்கின்றன.

எறும்பின் உடலைத் தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பிரித்துப் பாடசாலையில் கற்பிக்கிறார்கள். கற்பிக்கும் வசதிக்கு அது சரி. உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது. மார்பின் பின்பகுதி என்று கண்ணுக்குத் தோன்றுவது, உண்மையில் வயிற்றின் முதலாம் துண்டம் முன்னோக்கி நகர்ந்து மார்போடு ஒட்டிக்கொண்டதாகும். அதற்கு அடுத்த துண்டம் ஒடுங்கி, மேலே புடைத்து, ஒரு கணுவாக நிற்கிறது. இதுவே எறும்பின் இடை. சில உபகுடும்பங்களில் இதற்கடுத்த துண்டமும் அவ்வாறே ஒடுங்கி இரண்டாவது கணுவாகிறது. எஞ்சிய துண்டங்கள் சேர்ந்து உருண்டு திரண்டதையே மக்கள் வயிறு என்கிறார்கள். நிறமும் பருமனும் ஒரே புற்றுக்குள்ளேயே மாறக்கூடியவை. இடையின் கணுக்களோ ஓர் இனத்தின் வேலைக்காரிகள் எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் இருப்பவை. ஆகவே எறும்பை அடையாளம் காண முனைவோர் முதலில் பார்க்கவேண்டிய இடம் இடையே ஆகும்.

இடையில் ஒரு கணுவா இரண்டா என்று பார்த்தபின் நோக்கவேண்டியது வயிற்றின் நுனி. ஒரு கணு கொண்டு, வயிற்று நுனியில் மயிர் சூழ்ந்த சிறிய வட்டத் துளை இருந்தால், அது போர்மிசினே உபகுடும்பம். அத்துளை வழியே போர்மிக் அமிலம் பீச்சப்படுகிறது. எறும்புகளை வடித்தெடுத்தால் புளித்த நீரொன்று கிடைக்கும் என்பதை ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜோன் ரே 1671இலேயே எழுதியிருக்கிறார். அமிலத்தின் பெயரும் எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. ஒரு கணு இருந்தும் வட்டத் துளைக்குப் பதிலாகக் குறுக்கே கிழிந்தது போன்ற கோட்டு வாய் மட்டும் இருந்து, கொடுக்கும் இல்லையெனில் அது டொலிக்கோடெரினே. ஒரு கணுவோடு கொடுக்கும் இருந்து, வயிற்றின் முதல் இரு துண்டங்களுக்கிடையே கயிற்றால் இறுக்கியது போன்ற ஒடுக்கம் காணப்பட்டால், அது பெரும்பாலும் பொனெரினே. இரண்டு கணுக்களும் கொடுக்கும் கொண்டவற்றுள் மிகப் பெரிய கூட்டம் மிர்மிசினே. அதே இரு கணுக்களோடு, நீண்டு ஒல்லியான உடலும் பெரிய கண்களும் சேர்ந்தால் அது சூடோமிர்மெசினே. இவ்வாறு ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கீழிறங்கும் முறையைத்தான் இலங்கைப் பாடசாலை மாணவர்கள் இணைக்கவர்ச்சுட்டி என்ற பெயரில் கற்கிறார்கள்.

கட்டெறும்பு என்ற ஒரே பெயருக்குள் எத்தனை பேரினங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால் இடையின் அருமை விளங்கும். வளவில் தனியே ஓடித் திரியும் பெரிய கறுத்த எறும்பு கம்போனோட்டஸ் ஆக இருக்கலாம், பொலிரக்கிஸ் ஆக இருக்கலாம், டயகம்மாவாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் போர்மிசினேயைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். இரண்டுக்கும் உணர்கொம்பில் பன்னிரண்டு துண்டங்கள், இரண்டுக்கும் அமிலத் துளை. பக்கவாட்டில் வைத்துப் பார்க்கும்போது கம்போனோட்டஸின் முதுகு பெரும்பாலும் முள்ளின்றி வளைந்து இறங்குகிறது. பொலிரக்கிஸின் முதுகிலோ இடைக்கணுவிலோ முட்கள் நீட்டி நிற்கின்றன. சில இனங்களில் அவை தூண்டில் முள்ளைப் போல் வளைந்தும் இருக்கும். முள் சிறுத்துப்போன இனங்களைக் கண்டு ஐயம் எழுந்தால் வயிற்றை மேலிருந்து பார்க்கவேண்டும். பொலிரக்கிஸில் வயிற்றின் முதல் தகடு மட்டுமே வயிற்றின் பாதி நீளத்தை அல்லது அதற்கும் கூடுதலான இடத்தை மூடியிருக்கும். கம்போனோட்டஸில் அது அவ்வளவு நீள்வதில்லை. கம்போனோட்டஸ் செரிசியஸ் என்னும் இனத்தின் வயிறு பொன்னிற மயிரால் போர்த்தப்பட்டிருப்பதும், பொலிரக்கிஸில் பலவும் அவ்வாறே மினுங்குவதும் பலரைத் தடுமாற வைக்கின்றன. அங்கும் இந்தத் தகட்டின் நீளமே தீர்ப்புச் சொல்கிறது.

டயகம்மாவின் இடைக்கணுவிலும் இரண்டு முட்கள் உண்டு. அதனால் முள்ளை மட்டும் நம்புபவர் அதைப் பொலிரக்கிஸ் என்று எழுதிவிடக்கூடும். ஆனால் டயகம்மா பொனெரினே உபகுடும்பத்தைச் சேர்ந்தது. வயிற்றில் ஒடுக்கம் உண்டு, கொடுக்கும் உண்டு, தலையிலும் மார்பிலும் விரல் ரேகையைப் போல் சுழன்றோடும் வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். சிறகு முளைக்கும் ராணி என்பதே இப்பேரினத்தில் இல்லை. புற்றின் ஒவ்வொரு வேலைக்காரியும் மார்பின் இருபுறமும் சிறகின் எச்சமான சிறு குமிழ்களோடு பிறக்கிறது. தலைமை ஏற்கும் ஒருத்தி தன் குமிழ்களைக் காத்துக்கொண்டு, மற்றவற்றின் குமிழ்களைக் கடித்தகற்றிவிடுகிறாள். ஆகவே உருப்பெருக்கியின் கீழ் அந்தக் குமிழோடு ஓர் எறும்பு தென்பட்டால், அது முட்டையிடும் உரிமை பெற்றவள் என்றோ புதிதாகப் பிறந்தவள் என்றோ கொள்ளலாம். உருவமைப்பைப் பார்க்கத் தொடங்கியவருக்கு ஒரு சமூகத்தின் ஆட்சிமுறையே தெரிந்துவிடும் இவ்விடம் எறும்பியலின் மிக அழகிய பக்கங்களுள் ஒன்று.

காய்ந்த மரக்கொம்புகளில் குடியிருந்து, மரமேறுவோரின் கையில் கொட்டும் எறும்பையும் கட்டெறும்பு என்று சொல்வோர் உண்டு. தலையும் வயிறும் கறுத்து, மார்பு மட்டும் செந்நிறமாக இருக்கும் இது டெட்ராபொனேரா ரூபோநைக்ரா. இரு கணுக்கள் கொண்ட சூடோமிர்மெசினே. சிங்களத்தில் ஹத்பொலயா எனப்படும் இதன் கொட்டுதலால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்ட சம்பவங்கள் இலங்கை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கம்போனோட்டஸ் கடித்தால் எரிச்சலோடு போகும். டெட்ராபொனேரா கொட்டி மூச்சுத்திணறியவரோ உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர். இரண்டையும் பிரித்தறிய இடையில் ஒரு கணுவா இரண்டா என்று எண்ணினாலே போதும்.

சிறிய சிவந்த எறும்புகளிடம் வரும்போது எண்ணிக்கை இடையிலிருந்து உணர்கொம்புக்கு நகர்கிறது. குசினியின் சீனிப் பேணியிலும் மிளகாய்ப் பாத்தியின் மணற்குவியலிலும் ஊரும் மிர்மிசினே எறும்புகள் எல்லாவற்றுக்கும் இடையில் இரண்டு கணுக்களே என்பதால், இடை இங்கு மேலும் உதவுவதில்லை. எறும்பின் உணர்கொம்பு முழங்கையைப் போல் மடிந்தது. தலையோடு சேரும் நீண்ட கோலை ஒன்று என்று கொண்டு, மடிப்புக்கு அப்பாலுள்ள சிறு துண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். மதுசாரத்தில் நனைந்த எறும்பை வெள்ளைத் தாளில் வைத்து, மெல்லிய ஊசியின் நுனியால் உணர்கொம்பைத் தலையிலிருந்து விலக்கி, இருபது மடங்கு பெருக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால், மணிமாலை கோத்தது போல் துண்டங்கள் தெரியும். ஈரம் உலரும்வரை துண்டங்களின் எல்லைகள் மங்கலாகவே இருக்கும்; உலர்ந்தபின் ஒவ்வொரு துண்டத்தின் விளிம்பும் நிழல் விழுந்து பிரிந்து நிற்கும். கோலோடு சேர்த்துப் பத்துத் துண்டங்கள் இருந்து, கடைசி இரண்டு மட்டும் பருத்துக் கதாயுதம் போல் திரண்டிருந்தால், அது நெருப்பெறும்பான சொலெனோப்சிஸ். பன்னிரண்டு இருந்து, கடைசி மூன்று பருத்திருந்தால், அது பெய்டோலேயாகவோ மொனோமோரியமாகவோ இருக்கலாம். மொனோமோரியத்தில் பதினொரு துண்டங்கள் கொண்ட இனங்களும் உண்டு. பெய்டோலேயின் மார்புப் பின்சரிவில் பெரும்பாலும் இரண்டு சிறு முட்கள் நிற்கும். சொலெனோப்சிஸிலும் மொனோமோரியத்திலும் அச்சரிவு முள்ளின்றி மழுங்கியிருக்கும்.

இந்த எண்ணிக்கையைத் தவிர்த்துத் தலையின் பருமனை நம்பினால் தவறு நேர்வது உறுதி. சொலெனோப்சிஸ் ஜெமினாட்டாவின் பெரிய வேலைக்காரிகளுக்கு நடுவில் பள்ளம் விழுந்த பெருந்தலை. பெய்டோலேயின் போர்வீரர்களுக்கும் அவ்வாறே பெருந்தலை. சொலெனோப்சிஸில் சிறியவை முதல் பெரியவை வரை இடைப்பட்ட அளவுகள் எல்லாம் ஒரே வரிசையில் காணக்கிடைக்கும். பெய்டோலேயின் பெரும்பாலான இனங்களில் சிறு தலையும் பெருந்தலையும் தனித்தனியே நிற்க, நடுவே இடைவெளி விழுந்திருக்கும். கரேபாரா என்னும் மூன்றாவது பேரினமும் இங்கு குழப்பத்தைக் கூட்டுகிறது. ஜேர்டன் பெயரிட்ட கரேபாரா டைவெர்சாவில் மிகப் பெரிய வேலைக்காரியின் உலர்ந்த எடை மிகச் சிறியதைப் போல் ஐந்நூறு மடங்கு வரை போகிறது. அதன் உணர்கொம்பில் பதினொரு துண்டங்களும், நுனியில் இரு துண்டங்கள் திரண்ட கதாயுதமும் உள்ளன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்னும் இம்மூன்று எண்களும் மூன்று பேரினங்களின் கதவுகளைத் திறந்துவிடுகின்றன.

சொலெனோப்சிஸ் ஜெமினாட்டா இந்த மண்ணின் எறும்பு அல்ல. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோவின் அகபுல்கோத் துறையிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில் அது ஆசியாவுக்கு வந்து பரவியதென்று, பல நாடுகளின் எறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. மணற்பாங்கான நிலமும் வெயிலும் அதற்கு மிகவும் உகந்தவை. தாடையால் தோலைப் பற்றிக்கொண்டு, வயிற்றை வளைத்துக் கொடுக்கை இறக்கும் அதன் நஞ்சு, போர்மிக் அமிலம் அல்ல. அது அல்கலாயிட்டு வகையைச் சேர்ந்தது. எனவே எறும்புக்கடி என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் வேதனை இரண்டு வேறு வேதியியல் நிகழ்வுகளாகும். முசுறு கடித்து, கடித்த காயத்தின் மேல் அமிலத்தைப் பீச்சுகிறது. நெருப்பெறும்பு பிடித்துக்கொண்டு கொட்டுகிறது.

முசுறு பற்றி ஊரில் யாருக்கும் ஐயம் வராது; மா, மரமுந்திரிகை இலைகளைத் தன் குடம்பிகளின் பட்டுநூலால் தைத்துக் கூடு கட்டும் எறும்பு அது. அறிவியல் அதை ஈக்கோபில்லா ஸ்மரக்டினா என்று அழைக்கிறது. பப்ரீசியஸ் 1775இல் இட்ட பெயர். ஸ்மரக்டினா என்றால் மரகதப் பச்சை. செம்மஞ்சள் நிறமான எறும்புக்கு மரகதத்தின் பெயர் எப்படி வந்தது என்று வியப்போருக்கு விடை, இதே இனம் அவுஸ்திரேலியாவில் பச்சை வயிற்றோடு வாழ்கிறது என்பதே. நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தரையில் புற்று வைக்கும் அனோப்லோலெப்பிஸ் கிரேசிலிப்பஸ் என்னும் மஞ்சள் எறும்பும் நீண்ட கால்களோடு வேகமாக ஓடுவதால், மரத்தடியில் தனியே திரிகையில் அது முசுறாகத் தோன்றலாம். முசுறின் இடைக்கணு நீண்டு தாழ்ந்திருக்கும், உணர்கொம்பில் பன்னிரண்டு துண்டங்கள். மஞ்சள் எறும்பின் கணு மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், உணர்கொம்பில் பதினொன்று. கிறிஸ்மஸ் தீவில் செந்நண்டுகளைப் பெருந்தொகையாக அழித்த எறும்பு இந்த மஞ்சள் எறும்பே. முசுறைப் போலவே நிறமும் நடையும் கொண்டு அதனிடையே உலாவும் சிலந்தி ஒன்றும் உண்டு. முன்னங்கால்களை உணர்கொம்பு போல் தூக்கிப் பிடித்திருக்கும் அதைக் கால்களை எண்ணியே கண்டுகொள்ளலாம். சிலந்திக்குக் கால்கள் எட்டு.

வீட்டுச் சுவரில் ஊரும் மிகச் சிறிய எறும்புகளில் டாப்பினோமாவும் டெக்னோமிர்மெக்ஸும் டொலிக்கோடெரினேயின் அண்ணன் தம்பிகள். இரண்டிலும் இடைக்கணு குறுகித் தட்டையாகி, முன்னோக்கிச் சாய்ந்த வயிற்றின் கீழ் மறைந்துபோகிறது. பிரிக்க ஒரே வழி, வயிற்றின் மேற்றகடுகளை எண்ணுவதாகும். மேலிருந்து பார்க்க நான்கு தகடுகள் தெரிந்தால் டாப்பினோமா. ஐந்தாவது கீழே மடிந்து மறைந்திருக்கும். ஐந்தும் தெரிந்தால் டெக்னோமிர்மெக்ஸ். தலை கறுத்து உடல் வெளிறிய டாப்பினோமா மெலனோசெபலம் பல வீடுகளில் வாழ்கிறது; நசுக்கினால் எழும் நாற்றம் அதன் இன்னோர் அடையாளம். அதைப்போலவே எங்கும் காணப்படும், திக்கற்று ஓடுவது போல் தோன்றும் கறுத்த எறும்பு பராட்ரெகினா லொங்கிகோர்னிஸ். மிக நீண்ட உணர்கொம்புக்கோலைப் பெயரிலேயே கொண்ட அதன் கோலில் நிமிர்ந்த தடித்த மயிர்கள் இல்லை. நைலாண்டேரியா பேரினத்தின் பெரும்பாலான இனங்களில் அத்தகைய மயிர்கள் கோலெங்கும் நிற்கின்றன. இவ்விரண்டும் நெடுங்காலம் ஒரே பெயரின் கீழ் வைக்கப்பட்டிருந்து 2010இல் பிரிக்கப்பட்டன. மின்கம்பிகளின் உறையை அரிப்பதாக அறியப்பட்ட மொனோமோரியம் டெஸ்ட்ரக்டர், 2015இல் டிரைக்கோமிர்மெக்ஸ் ஆயிற்று. அதன் தலையின் பின்புறத்தில் நுண்ணிய குறுக்கு வரிகள் ஓடுகின்றன. கம்போனோட்டஸின் கிளையாகக் கருதப்பட்ட கொலொபொப்சிஸ் 2016இல் தனிப் பேரினமானது. மரபணு ஒப்பீடு உறவுகளை மறுபடி வரையும் ஒவ்வொரு முறையும், அதுவரை கவனிக்கப்படாத ஒரு மயிரோ வரியோ வெளிப்புற அடையாளமாகத் தேடிக் கண்டெடுக்கப்படுகிறது. பழைய நூல்களை மட்டும் வைத்திருப்போர் பெயர் மாறியதை அறியாமல் போகக்கூடாது.

பொறித்தாடை எறும்புகளான ஒடொன்டோமாக்கஸும் அனோக்கெட்டஸும் மண்ணுக்குள்ளும் உக்கிய மரத்தினடியிலும் வாழ்வதால் எளிதில் தென்படுவதில்லை. தாடைகளை இருபுறமும் நேர்கோடாக விரித்து நடந்து, உள்விளிம்பில் நிற்கும் மயிரில் இரை பட்டவுடன் மூடிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஓர் ஒடொன்டோமாக்கஸ் இனத்தில் அந்த வேகம் வினாடிக்கு 35 முதல் 64 மீற்றர் என்று 2006இல் அளக்கப்பட்டது. ஒடொன்டோமாக்கஸின் இடைக்கணு உச்சியில் ஒற்றை முள்ளாகக் கூர்ந்திருக்கும். அனோக்கெட்டஸில் அது உருண்டோ, இரு முனையாகப் பிளந்தோ இருக்கும். மீண்டும் இடை.

இலங்கைத் தீவு எறும்பியலாளரின் மனத்தில் தனியிடம் பெற்றிருப்பதற்கும் ஓர் இடையே காரணம். அனியூரேட்டஸ் சைமோனி என்னும் சிறிய மஞ்சள் எறும்பை 1893இல் இத்தாலியரான கார்லோ எமெரி விவரித்தார். அதன் இடை ஒற்றைக் கணு கொண்டு நீண்ட காம்பாக நிற்கிறது. உருவம் டொலிக்கோடெரினேயை ஒத்திருந்தும் அதற்குக் கொடுக்கு உண்டு. இப்பொருத்தமின்மையே அதைத் தனி உபகுடும்பமாக்கியது. அந்த உபகுடும்பத்தின் மற்ற உறவினர் எல்லாம் புதைபடிவங்களாகவே கிடைத்திருக்க, உயிரோடு எஞ்சியது இந்த ஓரினம் மட்டுமே. 1955இல் இலங்கைக்கு வந்த எட்வர்ட் வில்சன் இரத்தினபுரிப் பகுதியின் காடுகளில் அதை உயிரோடு மறுபடியும் கண்டெடுத்தார். அது தென்மேற்கு ஈரவலயத்துக்குரியது. வாவிக்கரையில் அதைத் தேடிப் பயனில்லை.

வாவிக்கரையில் தேடுவோருக்கு மாரிகாலம் நல்ல பருவம். மழை விழுந்த இரவுகளில் விளக்கைச் சுற்றிப் பழுப்புநிறக் குண்டு உடலோடு வந்து மோதும் பூச்சி, குளவியோ வண்டோ என்று நினைக்கத்தக்க தோற்றமுடையது. அது மண்ணுக்குள் வாழும் டோரிலஸ் எறும்பின் ஆண். ஆபிரிக்க டோரிலஸின் ஆணைக் கண்ட லின்னேயஸே 1764இல் அதைக் குளவி என்று எண்ணிப் பெயரிட்டார். ஆண், ராணி, சிறு வேலைக்காரி, பெரு வேலைக்காரி ஆகியவை ஒரே புற்றில் இவ்வளவு வேறுபட்டு நிற்பதால், ஓர் எறும்பைத் தனியே பிடித்து வைப்பது பெரும்பாலும் வீண் முயற்சியாகிவிடும். ஒரே புற்றிலிருந்து எல்லா அளவுகளிலும் சிலவற்றை எடுத்து, எண்பது வீத மதுசாரம் நிரப்பிய ஒரே சிறு போத்தலில் இட்டு, ஊர், திகதி, மணலா மரமா சுவரா என்ற இடக்குறிப்பு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளைப் போத்தலுக்கு உள்ளேயே போட்டுவைக்கவேண்டும். பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும். அப்படி வைத்த போத்தலில் பெருந்தலை எறும்பு ஒன்றும் சிறுதலை எறும்புகள் பத்தும் சேர்ந்திருந்தால், உணர்கொம்பின் பன்னிரண்டு துண்டங்களையும் எண்ணி முடிக்கும் முன்னரே, பார்ப்பவர் பெய்டோலே என்று எழுதப் பென்சிலை எடுத்திருப்பார். ஆயினும் எண்ணி முடித்த பின்பே எழுதுவார்.